ஊறுகாய்க்குக் காசில்லை

குப்பம் ரோட்டில்
ஒயின் ஷாப்புக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே
எத்திராஜுலு ஒரு டெலி திறந்திருக்கிறான்.
பெயிண்டர் டெல்லி என்று எழுதிவிட்டுப் போக
ஒரு ல் மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தது.

சம்பளம் போட்ட சனிக்கிழமை
நானும் நாகவேணியும் போனால்
ஷட்டரை இறக்கிவிட்டு
வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.
சனிக்கிழமை அடுப்பு பற்றாதாம்.
நீ எப்படா யூதனானே?
ஆகலை. பத்தொன்பது வருஷம்
அவங்க கடையில் கறி வெட்டினேன்,
கை கேட்க மாட்டேங்குது என்றான்.

ஞாயிறு மறுபடி போனோம்.

எருமை, நெஞ்சுப் பக்கம்.
ஏழு நாள் உப்பில், ஒரு ராத்திரி புகையில்.
உப்புக்கண்டம்னு சொல்லேன்டா என்றாள் நாகவேணி.
எங்கள் தெருவில் கொடியில் காய்வதைப் பார்த்து
மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற பைக்காரர்
பக்கத்து மேசையில்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு
கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார்.
எங்களைப் பார்த்ததும் திறந்தார்.

ரொட்டியில் தடவ வெண்ணெய் கேட்டேன்.
கறியும் பாலும் ஒரே தட்டில் வராது என்றான்.
இருவரும் சிரித்தோம்,
அவனுக்குப் புரியவில்லை.
ஒரே தட்டில் எதெது வராது என்று
எங்கள் பக்கத்துப் பட்டியல்
அவன் ஊரைவிட்டுப் போகும்போதே நீளம்தான்.

அப்புறம்தான் பார்த்தேன்,
தட்டோரம்
நீளவாக்கில் பிளந்து பச்சையாக.

பதினோரு வருஷமாக
இதை வளையத்தில் விட்டு எடுக்கிறேன்.
கிலோவுக்கு முந்நூறு நின்றால் முதல் விலை,
சுண்டுவிரலைத் தாண்டினால் அடுத்த விலை,
கட்டைவிரலைத் தாண்டினால் மாட்டுக்கு.
பச்சையாகக் கடித்திருக்கிறேன், கசக்கும்.
ஊறியது கப்பலுக்கு.
கேட்டில் மடியை உதறிக் காட்டித்தான்
வீட்டுக்குப் போவோம்.

கடித்தேன்.
நொறுங்கிய சத்தம் காதுக்குள் கேட்டது.
பூண்டு, கடுகு, பிறகு ஒரு புளிப்பு
நாக்கின் ஓரத்தில் வெகுநேரம்.

எங்கே வாங்கினே?
மெட்ராஸில், வெளிநாட்டு ஜாடி, அறுநூறு.
நாகவேணி ஜாடியைத் திருப்பி
எழுத்துக் கூட்டினாள்.
கடைசி வரியில் இந்தியா இருந்தது.
இது வளையத்தில் போகாதுடி என்றேன்,
நாம மாட்டுக்குப் போட்டது.

பில் வந்தது. கறி, ரொட்டி, சோடா.
ஊறுகாய் எங்கே?
அதுக்குக் காசில்லக்கா,
அங்கேயும் சும்மாதான் வைப்போம்,
எவ்வளவு கேட்டாலும்.

அதுவரை வராத கோபம்
அப்போது வந்தது.

அடுத்த மாசத்திலிருந்து நான் போட்டுத் தரேன்,
உப்பு எவ்வளவு, எத்தனை நாள், சொல்லு.
சொன்னான்.
கிலோ எவ்வளவு தருவே?
எத்திராஜுலு தலையைச் சொறிந்தான்.
நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு
தெலுங்குக்கு மாறினேன்.
பேரம் என்றால் எங்களுக்கு
அந்தப் பாஷைதான்.