மேட்டுக் கோல்

பதினெட்டு ஆட்டம். பதினான்கு வெற்றி.
இரண்டாம் டிவிஷன் பட்டியலில்
நாகலூர் யுனைடெட் என்ற பெயருக்கு மேலே
அச்சடித்த கோடு ஒன்றுதான் இருந்தது.
ஆனாலும் முதல் டிவிஷனுக்கு ஏற்ற
மைதானத்தை ஒருவர் வந்து பார்க்க வேண்டுமாம்.

ஆனி மாதம், முதல் பஸ்ஸில் தியாகசுந்தரம் வந்தார்.
இருபது கொண்டை ஊசியில் பதினான்காவதில்
வாந்தி எடுத்திருக்கிறார்.
கையில் பாதி எலுமிச்சம்பழம்,
கக்கத்தில் நான்கு பக்கப் படிவம்,
பையில் டேப்பு, கொத்தனாரின் மட்டக்குழாய்.
"மைதானம் எங்கே?" என்றார்.
"அதில்தான் நிற்கிறீர்கள்" என்றேன்.
மூடுபனி அப்படி.

டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு
கோல்கீப்பர் சடையன் நடந்தான்.
இருபது மீட்டரில் அவன் கால் போனது,
முப்பதில் தலை.
பிறகு டேப்பு மட்டும் தானாக ஊர்ந்தது.
கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக்குள்ளிருந்து
"கம்பத்தைத் தொட்டுட்டேன் சார்."
தொண்ணூற்றெட்டு. தொண்ணூறே போதும்.
அகலமும் தேறியது.
கார்னர் கொடி நடுகிற இடத்தில்
ஒரு சில்வர் ஓக் நிற்பதைப் பனி காட்டவில்லை,
நானும் காட்டவில்லை.

நடுவருக்குத் தனிக் கழிப்பறை வேண்டுமென்று
மாசியிலேயே சொல்லியிருந்தார்கள்.
வீட்டுக்கு ஒரு படி மிளகு வசூலித்து, விற்று,
சிமென்ட் கல், தகரக் கூரை, நீலக் கதவு,
உள்பக்கம் தாழ்ப்பாள்.
தியாகசுந்தரம் அதற்குள் போய்விட்டு வந்தார்.
முகம் தெளிந்திருந்தது.
பெரிய டிக்காகப் போட்டார்.

அப்புறம் மட்டக்குழாய்.
மேட்டுக் கோலிலிருந்து பள்ளக் கோலுக்குப்
பத்துப் பத்து மீட்டராக இறங்கினோம்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் ஓர் எண் சொன்னார்.
அவர் விரல் விறைத்திருந்ததால்
எழுதியது நான்.
கூட்டியதும் நான்தான்:
ஒரு மீட்டர் எண்பத்து மூன்று.
ஒன்று வரைக்கும்தான் விதி.

"பாதி நேரத்தில் பக்கம் மாறுகிறோமே சார்,
சரிவு ரெண்டு டீமுக்கும் சமம்தானே?"
யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
"நியாயம்தான்.
அதை எழுத இதில் கட்டம் இல்லையே."

பதினோராம் நாள் அஸ்தம்பட்டியிலிருந்து கடிதம்.
மேலே ஏற்ற இயலாது என்று இருந்தது.
நாலாயிரத்து ஐந்நூறு அடியில் உட்கார்ந்து
இரண்டு தடவை படித்தேன்.

எங்களுக்குப் பதில் ஆத்தூர் ஏறியது.
எங்களிடம் இரண்டு முறையும் தோற்ற ஆத்தூர்,
காம்பவுண்டுச் சுவர் வைத்த ஆத்தூர்.

ஜேசிபிக்கு மணிக்கு ஆயிரத்து இருநூறு.
மேட்டை வெட்டினால் எஸ்டேட் வேலி சரியும்,
பள்ளத்தை நிரப்பினால் ஓடை அடைபடும்.
நோட்டில் இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்தேன்.

ஆகஸ்டில் ஆத்தூர்க்காரர்கள்
பெலவேந்திரனைக் கேட்டார்கள்.
இருபத்தாறு கோல் அடித்த கால்.
விடுவிப்புக் கடிதத்தில் செயலர் கையெழுத்து வேண்டும்.
செயலர் நான்.
மூன்று நாள் பேனா கிடைக்கவில்லை.
சமதளத்தில் முதல் மாதம்
அவன் அடித்ததெல்லாம் கம்பத்துக்கு மேலே போனதாம்.
பிறகு பழகிவிட்டான்.

கார்த்திகையில் காப்பிப் பழம் சிவந்தது.
பறிக்க வருகிற பெண்கள் சாவி கேட்டார்கள்,
இத்தனை வருஷம் செடி மறைவுக்குப் போனவர்கள்.
சங்க விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்,
வேண்டாமென்றும் இல்லை, சரியென்றும் இல்லை.
சாவியைக் கதவோரம் ஆணியில் மாட்டிவிட்டேன்.
'நடுவர் மட்டும்' என்ற பலகையைக் கழற்றவில்லை,
அடுத்த ஆனியில் இன்னொருவர் டேப்போடு வரலாம்.

மருதாயி அந்தப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.
அன்றிலிருந்து நீலக் கதவைத் திறக்குமுன்
இரண்டு விரலை மடக்கி நாக்குக்கடியில் வைத்து
நீளமாக ஒரு விசில் அடிக்கிறாள்.
பள்ளக் கோலில் பயிற்சி எடுக்கிறவர்கள்
பந்தை விட்டுவிட்டு
அப்படியே நிற்கிறார்கள்.