சாம்பல் மூடிக் குழாய்

கூண்டில் ஏறுமுன் செருப்பைக் கழற்றணுமா என்று
டவாலியைக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

அரசுத் தரப்பு ஏழாவது சாட்சி நான்.
பெயர் அமுதவல்லி.
தருமபுரி அரசு மருத்துவமனையில்
ரத்தம் எடுக்கிற வேலை.

பதினான்கு மாதம் ஆயிற்று.
தொப்பூர் இறக்கத்தில் ஒரு கார்
மொபெட்டை அடித்துத் தள்ளியிருந்தது.
கூட்டிவந்த காவலரின் சட்டையெல்லாம் சிவப்பு.
பதறிக் கிட்டே போனால்
பாலக்கோட்டுத் தக்காளி வாசம்.

எதிரியின் பெயர்?
தீர்த்தகிரி.
பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.
எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு தீர்த்தகிரி உண்டு ஐயா,
மலையின் பெயர் அது.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவேயில்லை.
ஊசி குத்துமுன் தோலை எதனால் துடைத்தீர்கள்?
ஸ்பிரிட்டும் ஒருவகைச் சாராயம்தானே அம்மா?
குழாயில் ஏறியது அவர் குடித்ததா,
உங்கள் பஞ்சு குடித்ததா?

சோப்புத் தண்ணீர் என்றேன்.
சட்டம் தெரிந்தா செய்தீர்கள்?
பாதி தெரிந்துதான். மீதி,
ஸ்பிரிட் தீர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது,
இண்டென்ட் மட்டும் மூன்று முறை போயிருந்தது.
தட்டச்சர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு
அதையும் அடித்தார்.

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?
இரண்டு நாற்பது.
அந்தச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும்,
டூட்டி மாறச் சவுகரியமாக நாங்களே வைத்தது
என்று நானாகவே சொன்னேன்.
அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

சரி.
குளிர்பெட்டிக்குக் கரண்ட் போனதா?
போனது.
எவ்வளவு நேரம்?
தெரியாது.
நூற்று நாற்பத்திரண்டு என்று ஆய்வகம் எழுதிய எண்
மேசைமேல் காகிதத்தில் கிடந்தது.
முப்பதோடு நின்றிருக்கவேண்டிய எண்.

அவர் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது.
தட்டித் தேடவே வேண்டாம், நரம்பு தானாக நின்றது.
ஊசியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு
அக்கா, அந்தாளு எப்படி இருக்காரு என்றார்.
அந்த ஒரு கேள்வியிலேயே அறை முழுக்க வாடை.
இதை யாரும் கேட்கவில்லை.

அதே தட்டில்,
அந்தச் சாம்பல் மூடிக்குப் பக்கத்துக் குழியில்
ஊதா மூடி போட்ட இன்னொன்று நின்றது.
மாதையன், ஐம்பத்தொன்று, மாரண்டஹள்ளி.
ஓ பாசிட்டிவ். பொருத்தம் பார்க்க எடுத்தது.
ரத்தப் பை கீழே இறங்கி வருவதற்குள்
மேலே தகவல் வந்துவிட்டது.
அந்தக் குழாய்க்கு அரக்கில்லை, முத்திரையில்லை,
நான்கு இடத்தில் கையெழுத்தில்லை.
விடிந்ததும் மஞ்சள் பையில் போட்டேன்.
எதற்கும் அது சாட்சியில்லை என்று
யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

கையெழுத்துப் போட்டேன். பேட்டாவுக்கு இன்னொரு கையெழுத்து.

வெளியே டீக்கடையில் தீர்த்தகிரி நின்றுகொண்டிருந்தார்.
வேறு எதற்காகவோ என் பார்வை
பழக்கத்தில் அவர் முழங்கை மடிப்புக்குத்தான் போனது.
டம்ளரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு
சட்டைக் கையை இறக்கிவிட்டார்.