இருக்கை வார்

கைவண்டிகளுக்குப் பின்னால்
அரை மைல் தள்ளி வரச் சொல்லியிருக்கிறார்கள்.
படத்தில் விழக்கூடாதாம்.
பதினாறு நீலக் கழிப்பறைகளை ஏற்றிக்கொண்டு
முதல் கியரில் ஊர்கிறேன்.
வயோமிங். ஜூலை. முற்பகலிலேயே அனல்.

முன்னோடிகள் செத்தது அக்டோபர் பனியில்.
இவர்களுக்கு விடுமுறை ஜூலையில்தான்.

கணுக்கால்வரை பாவாடை, துணித் தொப்பி,
அடியில் ஓட்டக் காலணி.
புழுதியோடு சன்ஸ்கிரீன் வாசம் என்மேல் வீசுகிறது;
என் வாசம் அவர்களுக்குப் போகாதபடி
காற்றுப் பார்த்து வண்டியை நிறுத்துவேன்.
பதினோரு வருடத் தொழில் நுணுக்கம்.

வண்டிக்கு ஒரு மாவு மூட்டை, பத்து கிலோ.
மூட்டைமேல் மசியால் ஒரு பெயர்:
அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாத குழந்தை.
மூன்று நாள் இடுப்பில் சுமக்க வேண்டும்.
மூன்றாம் நாள் சாயங்காலம், ஸ்வீட்வாட்டர் ஆற்று வளைவில்,
ஆர்வில் டிங்கி பட்டியலை எடுத்து வாசிப்பார்.
பெயர் வந்தவர்கள் மூட்டையைக் கல்லடியில் வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.
அழுவார்கள். சிரிப்பவர்களும் உண்டு,
அவர்கள் இரவில் வந்து அழுவார்கள்;
பிளாஸ்டிக் சுவர், எனக்குக் கேட்கும்.

அதே வளைவில் என் அம்மா வழி ஆட்களும்
முகாம் போட்டிருக்கிறார்கள். ஷோஷோனி.
எங்களுக்கு மூட்டை கிடையாது.

நேற்று எட்டுப் பெயர் வாசித்தார். கல்லடியில் ஏழு.
யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன்,
எண்ணுவதுதானே என் பிழைப்பு:
தாள் உருளை, தண்ணீர் டப்பா, நீலத் திரவம்.

ராத்திரி பதினொன்றுக்கு லாரிக் கதவைத் தட்டினாள்
மெரிபா. பதினான்கு வயது இருக்கும்,
உதடு வெடித்திருந்தது.
"காலையில் இதைப் பான்கேக் சுட்டுவிடுவார்கள்" என்றாள்.
உண்மைதான். போன வருடம் நானும் தின்றேன்,
சிரப் ஊற்றி, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கி.
அதை அவளிடம் சொல்லவில்லை.

நீட்டினாள்,
ஒரு கையால் தலைப்பக்கம் தாங்கி.
மாவுக்கு ஏது தலை?
நானும் அப்படியே வாங்கினேன்.

விடியுமுன் நெடுஞ்சாலை ஏறினேன்.
வேகம் இருபதைத் தொட்டதும் லாரி கத்தத் தொடங்கியது:
பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறது,
வார் போடவில்லை.
ஆள் இல்லை என்று அதற்கு யார் சொல்வது.
ஒரு மைல் கத்தவிட்டேன்.
இரண்டாம் மைலில் ஓரங்கட்டினேன்.
'திர்சா' என்ற மசி எழுத்துக்குக் குறுக்கே
வாரை இழுத்து மாட்டினேன்.

லாரி வாயை மூடிக்கொண்டது.
ரேடியோவை
போடவில்லை.