அரைப்புள்ளி

பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையில் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் ஜப்பான்காரன், வலப்பக்கம் ஸ்வீடன்காரன்.
மணி பதினொன்றரை. செக்காலை ரோட்டில்
டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்.

ஜப்பான், உடம்பு மட்டும், ஐந்து லட்சத்துச் சொச்சம்.
என் கை நடுங்கினாலும் படம் நடுங்காதாம்.
ஸ்வீடன் ஏழே முக்கால்.
வயிற்றுக்குள்ளேயே ஒரு டெராபைட்,
கார்டை மறந்து போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்;
தோலைத் தோலாகவே காட்டுமாம், பூசி மெழுகாதாம்.
லென்ஸ் தனி என்கிறார்கள் இரண்டு பேரும்,
சம்பந்தம் பேசி முடித்த மறுநாள்
சாமான் பட்டியலை நீட்டுவதுபோல.

ஏழு லட்சம், பதினொரு வட்டி, முப்பத்தாறு மாதம்:
தவணை இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
கடை வாடகையே பதினாலுதான்.
தேய்மானம் எழுதிக்கொள்ளலாம் என்கிறான் தம்பி சாத்தப்பன்.
அவன் ஆடிட்டர். அவனுக்கு எல்லாமே தேயும்.

"யாருக்கா பெருசாக்கிப் பாக்கப் போறா?"
செபஸ்தியான் கேட்டதில் தப்பில்லை.
ஆல்பம் கைக்கு வருமுன்பே
வாட்ஸப்பில் கல்யாணத்தைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள்.
பெண் தலை திருப்பும் வேகத்துக்கு
இந்தப் பெரிய கேமரா ஃபோகஸ் பிடிக்காது;
பிடிப்பதற்குள் அவள் மறுவீடு போயிருப்பாள்.

நான் கேட்பது வீடுகளுக்கு. அசையாதவை.
ஹோட்டலாகி, அறைக்கு இவ்வளவு என்று
வெளிநாட்டுக்குப் படம் அனுப்பும் வீடுகள்.

போன வியாழன் மதுரையிலிருந்து ஜப்பான்காரனை
ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம்,
ஆறாயிரம், முன்பணம் தனி.
கானாடுகாத்தானில் காலை ஏழேகால் வெயில்
வளவுக்குள் இறங்கும்போது
ஒரே ஒருமுறை அழுத்தினேன்.
இருநூறு எம்பி. கடைக்கு வந்து திறந்தால்
பனங்கொட்டை முழுங்கிய ஆடு மாதிரி
விழித்தது கணினி.

பிறகு ஒவ்வொன்றாக:
நிலைக்கதவு லட்சுமியின் சுண்டுவிரல் நகம்.
தூணின் அடியில் எந்தத் தச்சனோ உளியால் கொத்திய ௭.
பூக்கல் தரையில் ஓர் எறும்பு, அதற்கொரு நிழல்.
பழைய கேமராவில் வெறும் இருட்டாயிருந்த மூலையில்
ஒரு விளக்குமாறு.

மொத்தம் பத்துக் கோடியே பதினேழு லட்சம் புள்ளி.

புள்ளி என்றால் எங்களுக்கு வேறு கணக்கு.
கல்யாணமானால் ஒரு புள்ளி,
கோயில் ஏட்டில் ஒரு வரி, கட்டுவதற்கும் ஒரு வரி.
அவர் போன பிறகு நான் அரைப்புள்ளி.
கட்டுவதும் பாதி.
பொய் சொல்வானேன்,
அந்த ரசீது வந்த அன்று
மிச்சப் பணத்தைத்தான் முதலில் எண்ணினேன்.

பெல்ஜியம் கண்ணாடியின் ஓரத்தில் ஏதோ இருந்தது.
பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம்.
என் முழங்கை.
நன்றாக மறைந்து நிற்பதாகத்தான் நினைத்திருந்தேன்.
ரவிக்கைக் கையில் விட்டுப்போன தையல், வறண்ட தோல்,
ஸ்கூட்டரிலிருந்து விழுந்த தழும்பு.
செபஸ்தியான் கட்டம் போட்டுக் கணக்கெடுத்தான்.
அந்த முழங்கை மட்டும் எண்பதாயிரம் புள்ளி.

சாயங்காலம் ஹோட்டல் மேனேஜர் போன் செய்தார்.
படம் பிரமாதமாம். கண்ணாடியில் என்னமோ தெரிகிறதாம்,
அதை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம்.

ஆக, ஓர் ஆள் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மதுரைக்காரரிடம் அடுத்த வாரம் ஸ்வீடன்காரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.
ஏழே முக்காலுக்குக் கீழே பென்சில் நிற்கிறது.
"அழிச்சிரட்டுமாக்கா?" என்கிறான் செபஸ்தியான்,
கொட்டாவியோடு.

அழித்து ஒன்று அவருக்கு அனுப்பு.
மற்றதை அப்படியே வை.