உப்புக்கு வந்தது

ஞாயிறு ஏழரைக்கெல்லாம்
பூங்காவின் இரும்புக் கதவில் நிற்பேன்.
காவலர் காம்ளே டிக்கெட்டைக் கிழித்தபடி
"யா தாயீ" என்பார்.
மராத்தியில் அது அக்கா.
நான் தமிழ்க் காதோடு உள்ளே போவேன்.

ஒருகாலத்தில் மாநகரம் குப்பை கொட்டிய மேடு.
இப்போது மரம்.
வேலிக்கு அந்தப் பக்கம் மித்தி ஆறு நாறும்,
இந்தப் பக்கம் எருக்கு பூக்கும்.
சாலையைத் தாண்டினால் தாராவி, என் சந்து,
ஹனீஃப் சேட்டின் கிடங்கு,
ஆறு நாளும் நான் உப்பள்ளிப் போடுகிற ஆட்டுத்தோல்.

கேமரா தவணையில் வந்தது.
லென்ஸ் சோர் பஜாரில், எழுநூறு ரூபாய்,
ஓரத்தில் பூஞ்சை.
திருப்பி மாட்டினால் சின்னது பெரிதாகும் என்றவன்
அதற்கான வளையத்துக்கு இருநூறு தனியாக வாங்கிக்கொண்டான்.
தலைகீழாய்ப் பார்க்கிற கண்ணாடிக்குத்
தூரம் தெரியாது.
நாலு விரற்கடை, அவ்வளவுதான்.
ஒரு நூல் முன்னே போனாலும் மங்கல்,
பின்னே வந்தாலும் மங்கல்.
திருகுவதற்கு எதுவுமில்லை.
ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி
உடம்பையே அசைக்க வேண்டும்,
மூச்சை எங்கோ அடகு வைத்துவிட்டு.

முதல் வருஷம் எனக்குக் கிடைத்ததெல்லாம்
பூச்சி கிளம்பிப்போன இலைகள்.
இலைகள் நன்றாகவே வந்திருந்தன.

பிறகுதான் புரிந்தது,
எனக்கு முன்னால் என் நிழல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.
கிழக்கே பார்த்து முழங்காலில் நகரப் பழகினேன்.
எருக்கிலையின் அடியில் ஒரு வெந்தய வரியன்
முட்டை வைத்து முடிக்கும்வரை இருந்தேன்.
பெரிதாக்கினால்
சிறகு முழுக்க ஓடு வேய்ந்திருக்கிறது.
இல்லை, ஓடில்லை.
சயான் மேம்பாலத்திலிருந்து பார்த்தால் எங்கள் கூரைகள்,
தகரமும் தார்ப்பாயும் ஒன்றின்மேல் ஒன்று.

அந்தப் பாலத்தில் நின்று எங்களைப் படமெடுப்பார்கள்.
சிலர் வழிகாட்டியோடு சந்துக்குள்ளும் வருவார்கள்,
என் கையருகே லென்ஸை நீட்டி,
இங்கே பார்க்காதே, வேலையைப் பார் என்று.
போன மழையின்போது ஒருத்தி மட்டும் கேட்டாள், எடுக்கலாமா?
வேண்டாம் என்றேன்.
கேமராவை இறக்கிக்கொண்டாள்.
பூச்சியிடம் எப்படிக் கேட்பது?

வங்கியில் ஓய்வுபெற்ற கர்வே சார்,
முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர்,
ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்:
டப்பாவில் பிடித்து ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வை,
விறைத்துப்போகும்,
வேண்டிய பூவில் வேண்டிய மாதிரி உட்காரவைக்கலாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அசையாத உடம்புகளோடுதான்
எனக்கு வாரம் முழுக்கப் பிழைப்பு.

அக்டோபர். வியர்வை கண்ணில் இறங்கியது.
முழங்கால் நோக, ஒரு கல்லில் சாய்ந்து
இடக்கையை மடியில் விரித்து வைத்தேன்.

வந்தது.
பட்டாணி நீலன், கட்டைவிரல் நகத்தளவு.
பின்சிறகில் மயிரிழை வால், பக்கத்தில் பொய்க்கண்,
தலை எந்தப் பக்கம் என்று
குருவியைக் குழப்புகிற பூச்சி.
ஓரடி தள்ளிப் பூ இருக்க
என் உள்ளங்கை வெடிப்பில் குழலை இறக்கியது.

எந்தச் சோப்புக்கும் போகாத உப்பு.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்ப வைக்கிற கை.
அதற்கு அதுதான் வேண்டியிருந்தது.

வலக்கையில் கேமரா நடுங்கியது.
எத்தனை தடவை அழுத்தினேனோ.
தலைமுடியைவிட மெல்லிசு அந்தக் குழல்,
ஆனாலும் கூசியது.

ராத்திரி ஜெபராஜ் கடைக் கணினியில் திறந்தோம்.
எல்லாவற்றிலும் சிறகு மங்கல்.
துல்லியமாய் விழுந்தது என் தோல்தான்:
வெடிப்பு, அதன் கரையில்
மூலை உடையாத ஓர் உப்புக்கல்,
பக்கத்தில் நனைந்து நிற்கும் குழல் நுனி.
கர்வே சார் பார்த்தால்
ஃபோகஸ் தப்பிவிட்டது என்பார்.

அழிச்சிரவா அக்கா, என்றான்.

இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு, என்றேன்.