பாதி மஞ்சள்

மூன்று மாதம் தலை வாராமல் கிடந்தவளுக்கு
வெள்ளை மாத்திரை. முதலில் பாதி, பிறகு முழுசு.
பதினோராம் நாள், விடிகாலை மூன்று மணி.
சாட்ஸ்வொர்த் முழுக்கக் கரண்ட் இல்லை;
எனக்குள் இருந்தது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வாசல் கேட்டுக்கு மஞ்சள் அடித்தேன்.
விடிந்ததும் பங்களாதேஷ் சந்தை:
ஒரு மூட்டை வெண்டைக்காய், நாலு கோழி,
முன்பின் தெரியாத ஒருவருக்குக் குடை.
"எழுந்துட்டியே, அது போதும்" என்றான் லோகன்.
ஐந்தாம் இரவு அப்படிச் சொல்லவில்லை.
கார் சாவியை அரிசி டின்னில் ஒளித்தான்,
அரிசி அளப்பவள் நான் என்பதை மறந்து.

டாக்டர் ஸோண்டி மாத்திரையை நிறுத்தினார்.
"இதற்கு முன்னால் எப்போதாவது இப்படி?
மாத்திரை இல்லாமலே?"
பேனா என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுக் காத்திருந்தது.

பத்தொன்பது வயதில், தையல் ஃபாக்டரியில்,
மூன்று இரவு தூங்காமல் தைத்தேன்,
பசியே இல்லை, ஊசி பாடுவது கேட்டது.
நாலாம் நாள் காலை
துணி வெட்டும் மேசைக்கு நேராகப் போய்
பேசியே இராத ஒருவனிடம் கேட்டேன்,
என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று.
கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு
சரி என்றான்.
எல்லோரும் அதை வயசு என்றார்கள்.

"ஞாபகமில்லை, டாக்டர்."

பக்கத்து நாற்காலியில் லோகன்
சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது தூங்குகிறேன். வெண்டைக்காய் அழுகிப்போயிற்று.
கேட் பாதி மஞ்சளில் நிற்கிறது.
மீதியை அடிக்கவும் தோன்றவில்லை, சுரண்டவும்.
பிரஷ் ஊறிய டப்பாவை
லோகன் இன்னும் கொட்டவில்லை.