பதினேழாவது குருவி

ஜுபைலில் ஆறு வருஷம்
எத்திலீனைப் பைகளாய் ஊதிக்கொண்டிருந்தேன்.
மீன் சுமக்க, குப்பூஸ் சுமக்க,
கடைசியில் ஏதோ ஒட்டகத்தின்
இரைப்பைக்குள் போய் அடைய.
இப்போது தம்மாமில்
அதே எண்ணெய்க்குப் பிறந்த சங்கிலியில்
நைட்ரஜன் கோத்து
ஒரு மரபணுவைச் சுமக்கச் சொல்கிறேன்.
பழகிய வேலைதான்.
பை சிறுத்துவிட்டது.

"வைரஸே நல்லா சுமக்குமாமே?"
என்றான் அறைத்தோழன் ஜெய்லானி.
மாதம் இருமுறை திருச்சிக்குப் பறப்பவன்.
அவன் பெட்டியில்
அவனுடையது என்று பல்தூரிகை மட்டும்.
"சுமக்கும். பூட்டுத் திறக்கத் தெரிந்த பழைய திருடன்.
ஆனால் உடம்பு முகம் மறக்காது,
இரண்டாந்தடவை வாசலிலேயே மடக்கும்."
"அப்போ முகமே இல்லாத ஆள் வேணும் உனக்கு."
பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தான்.
"குருவி."

அன்றிலிருந்து என் குறிப்பேட்டில்
பாலிமர் என்று எழுதுவதில்லை.

நூலாய் அலையும் டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் சுமை,
குருவிக்கு நேர்மின் கைகள்.
குப்பியில் தொட்டதும் சுருண்டு
ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்.
ஒரு கசகசா அதற்கு மலை.
செல் அதை விழுங்கும்.
விழுங்கிய பைக்குள் அமிலம் ஏறும்.
அதுதான் சுங்கம்.
அங்கே பிரித்துப் பார்ப்பதில்லை,
கரைத்துப் பார்ப்பார்கள்.
குருவி அமிலத்தைக் குடித்துக்கொண்டே இருக்க
தண்ணீர் பின்னால் வரும், பை புடைக்கும், வெடிக்கும்
என்று எழுதி நிதி கேட்டிருக்கிறோம்.
நான் கண்ணால் கண்டதில்லை.

முதல் குருவி செல்லையே கொன்றது.
நான்காவது யாரையும் கொல்லவில்லை,
எதையும் சுமக்கவுமில்லை.
பதிமூன்றாவது உப்புநீர் பட்டதும் தயிராய்த் திரிந்தது.
ஒன்பதாவதைத்தான் மறக்க முடியவில்லை.
சுங்கம் தாண்டி, உட்கருவின் வாசல்வரை போய்,
பொருளை நெஞ்சோடு அணைத்தபடி
அப்படியே கிடந்தது.

ஸகிய்யா கத்தீஃப்காரி.
அவள் ஊரில் கல்யாணத்துக்கு முன்
நம்மூரில் ஜாதகம் பார்ப்பதுபோல
ரத்தம் பார்க்கிறார்கள்.
அவள் தம்பியின் சிவப்பணுக்கள்
அரிவாளாய் வளைபவை.
குளிர் தொடங்கினால் அவனுக்கு எலும்பு எரியும்.
அதைப் பற்றி ஒருமுறைதான் சொன்னாள்,
அதுவும் பிப்பெட்டைக் கழுவிக்கொண்டு.

ஜெய்லானியைப் போன வாரம்
திருச்சியில் நாலுமணிநேரம் நிறுத்திவைத்தார்களாம்.
"பயந்துட்டியா?"
"அதுல என்னடா பயம்.
வெளிய வந்து நிக்கிறேன், வாங்கவேண்டிய ஆள் வரலை.
அடுத்தவன் சாமானைக் கையில வச்சுக்கிட்டு
எங்க போறது?
அப்பதான் வயித்தைக் கலக்குச்சு."

மறுநாள் ஸகிய்யாவிடம் கேட்டேன்,
கையை இன்னும் வலுவாக்காமல்
கையையே உடையவிட்டால் என்ன?
அவள் பலகையில் இரண்டு கந்தகங்களை வரைந்து
நடுவே ஒரு கோடு போட்டாள்.
வெளியே பிடிக்கும் கொக்கி,
செல்லுக்குள் போனதும் அவிழும்.
சங்கிலி துண்டு துண்டாகும்,
சரக்கு கீழே விழும்.

ஆகஸ்ட். இரவு மூன்று.
ஜன்னலுக்கு வெளியே கடலின் புழுக்கம்
கண்ணாடியில் வடிந்துகொண்டிருந்தது.
சுமக்கக் கொடுத்தது நோய்தீர்க்கும் மரபணு அல்ல,
ஜெல்லிமீனிடம் கடன் வாங்கிய பச்சை,
ஒத்திகைக்கு.
நுண்ணோக்கியின் இருட்டில்
முதலில் ஒன்று.
பிறகு, கண் பழகப் பழக,
மழைக்குப் பிந்திய பாசிபோல் அங்கங்கே.
"நூற்றுக்கு ஏழு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.
ஸகிய்யா என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தாள்.
வெகுநேரம் எண்ணினாள்.
"ஆறு. ஒன்று தூசு."

தட்டின் மூடியில் நேரம் எழுதினாள்.
உயிரோடிருக்கின்றனவா என்று
விடிந்துதான் தெரியும்.
அடைகாப்பானின் கதவைச் சாத்திவிட்டு
எட்டு மணிக்கு வரச் சொன்னாள்.
நான் போகவில்லை.